ஒன்பது பேருக்கு ஒரு குரல்

எங்கள் ஊரில் யாரை எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற ஓர் அம்மா இருந்தார். கேட்டது தன்னையா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பஸ்ஸில் கண்டக்டர் பின்சீட்டுக்காரரிடம் "எங்க போகணும்?" என்பார். முன்சீட்டிலிருந்து "அவரு மாகறல் போறாருப்பா, மச்சினிச்சி ஊட்டுக்கு" என்று பதில் வரும். மாகறல் போகிற அந்த மனிதர் வாயைத் திறக்காமல் டிக்கெட்டை வாங்கிக்கொள்வார். கச்சபேஸ்வரர் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற ஆளிடம் குருக்கள் நட்சத்திரம் கேட்டால், நாலு பேர் தள்ளி நிற்கிற இந்த அம்மா, "அவருக்கு மகம், பொஞ்சாதிக்குப் பூராடம், பெரிய பொண்ணு ரேவதி, அது இப்போ ஊர்ல இல்ல" என்று குடும்பத்தையே ஒப்பிப்பார். கொஞ்ச நாளில் குருக்கள் தட்டை ஒருவரிடம் வாங்கிக்கொண்டு, கேள்வியை நேராக இவரிடமே கேட்கப் பழகிவிட்டார்.

இதில் கெட்டது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். அவர் தெருவில் ஒரு பெண்ணைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா அங்கே இல்லாமல் இருப்பாரா? "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார். "வத்தக்குழம்பு வெச்சான்னா தெருக்கோடி வரைக்கும் மணக்கும்" என்றார் இவர். "மேல படிக்கணும்னு ஆசை ஏதாவது இருக்குதா?" என்று மாப்பிள்ளையே கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் இவர். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. அந்தப் பெண்ணுக்கு மேலே படிக்க ஆசை இருந்தது அவள் புருஷனுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. தெருவிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளையார்பாளையத்தில் அந்த நெசவாளர் தெருவுக்கே முதன்முதலாகப் போன் வந்தது அவர் வீட்டுக்குத்தான் என்பதால், பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் போன்காரம்மா. ஏற்கெனவே ஊரார் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் கையில் தொலைபேசி இலாகா ஒரு ரிசீவரையும் கொடுத்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். செல்போன் என்பது பட்டு முதலாளிகள் சிலரின் சட்டைப்பையில் மட்டும் இருந்தது. நான் டிகிரி முடித்துவிட்டுச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் வேலை போனில் பேசுவது. பிரஷர் என்று வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனால், அடுத்த தடவை மயங்கி விழுந்த பிறகுதான் வருகிறார்கள் என்று அங்கிருந்த டாக்டருக்கு மனக்குறை. வாராவாரம் கூப்பிட்டு அன்பாக நாலு வார்த்தை விசாரித்தால் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தார். அன்புக்காக என்னை நியமித்தார். எனக்கு ஒரு போன், ஒரு நீளநோட்டு, ஐந்து கேள்விகள். மாத்திரை தினமும் போட்டீர்களா, உப்பைக் குறைத்தீர்களா, அரைமணி நேரம் நடந்தீர்களா, பீடி புகையிலை உண்டா, தலைவலி மயக்கம் வந்ததா. நல்ல பதிலுக்குப் பச்சை மையில் டிக், மோசமான பதிலுக்குச் சிவப்பு மையில் கோடு. எட்டு மாதம் ஒழுங்காகப் பார்த்தால் வேலை நிரந்தரம் என்றார்கள்.

நோயாளிகளில் பாதிப்பேர் வீட்டில் போன் கிடையாது, அக்கம்பக்கத்து நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். போன்காரம்மா தெருவிலிருந்து ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் ஒரே நம்பர். பட்டியலில் முதல் பெயர் ஏகாம்பரம், ஐம்பதைத் தாண்டிய தறிக்காரர், ரத்தக்கொதிப்பு அதிகம், மூன்று மாத்திரை.

"ஏகாம்பரம் இருக்காருங்களா? ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன்."

"இருக்காரு. சூப்பரா இருக்காரு."

"கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

"தறில குந்திக்கினு இருக்காரும்மா. கோர்வை ஓடிக்கினு இருக்குது. அந்த நேரத்துல எழுப்பக் கூடாது. உனக்கு இன்னா கேக்கணுமோ என்னைக் கேளு."

புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வைத்து, இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதுதான் கோர்வை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு ஒருவர் உட்கார, கரையோரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஊடுநூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். ஏகாம்பரத்துக்குக் கரையோரம் உட்காருவது அவர் மனைவி. ஒருவர் எழுந்தால் மற்றவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காஞ்சிபுரத்துப் பெண்ணான எனக்கு இது தெரியும். அதனால், சரி, இந்த ஒரு வாரம் போகட்டும் என்று கேள்விகளை அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"மாத்திரை தினமும் போடறாரா?"

"நாள் தவறாம."

"உப்பு குறைச்சிருக்காரா?"

"அவரு ஊட்ல உப்பு ஜாடியே காலியா இருக்குதும்மா."

"நடக்கறாரா?"

"நடக்காம? அவரை நிறுத்தறதுதான் கஷ்டம்."

ஐந்து டிக் விழுந்தது. "அடுத்த பேரு சொல்லு" என்றார். ஒன்பது பேரையும் பத்து நிமிஷத்தில் முடித்தோம். மற்ற தெருக்காரர்களிடம் ஒரு ஆளுக்கு அரைமணி நேரம் தொண்டை கிழியும். ஒருவர் மாத்திரையின் நிறம் பிடிக்கவில்லை என்பார், இன்னொருவர் மருமகளைப் பற்றி அழுவார். போன்காரம்மா தெரு மட்டும் பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தத் தெருவுக்கு உரிய புதன்கிழமை எப்போது வரும் என்று நானே காத்திருக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரத்தில் அவருக்குக் கேள்விகள் மனப்பாடம். நான் வாய் திறக்கும் முன்பே, "எழுதிக்கோ. ஏகாம்பரம், அஞ்சும் டிக்கு" என்பார். எல்லாம் பச்சையாக இருந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும் என்று அவருக்கே தோன்றியதோ என்னவோ, அவ்வப்போது ஒரு சிவப்பும் தானமாகக் கிடைக்கும். "அந்த மூணாவது ஊட்டுக்காரிக்கு உப்புல கோடு போடு."

"ஏம்மா, உப்பு அதிகமா சேர்த்துக்கிட்டாங்களா?"

"நேத்து கொழாயாண்ட என்னை எதிர்த்துப் பேசினா."

நானும் போட்டேன். வைத்தியத்தில் இப்படியும் ஒரு பிரிவு இருக்கிறது போலும்.

டாக்டர் சொல்கிற ஆலோசனைகளை நான் போனில் சொன்னால், அந்த அம்மா அவற்றை வீடு வீடாக எடுத்துக்கொண்டு போவார் என்று பிற்பாடு தெரிந்தது. வழியில் சில திருத்தங்கள் நடக்கும். கருவாடு கூடாது, அப்பளம் கூடாது என்பதை அப்படியே சொல்லிவிடுவார். ஊறுகாய் மட்டும் சாப்பிடலாம், ஏனென்றால் அந்தத் தெருவுக்கே ஊறுகாய் போட்டுக் கொடுப்பது அவர்தான். கோயில் பிரசாதத்தில் இருக்கிற உப்பு கணக்கில் சேராது, சாமி சாப்பிட்ட பிறகு அதில் தோஷம் ஏது? தெருவுக்கு இரண்டு கோயில் இருக்கிற எங்கள் ஊரில் இந்த ஒரு விதிவிலக்கு போதும், ரத்த அழுத்தத்தை மலையேற்ற. அவர் சொன்னதை எல்லாரும் பக்தியோடு கடைப்பிடித்தார்கள்.

ஆனால் ஒன்று. இதற்கெல்லாம் அவர் ஒரு பைசா வாங்கியதில்லை. எட்டாவது வீட்டில் தனியாக இருந்த ஒரு அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துபோனால், உச்சி வெயிலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மெடிக்கலுக்கு நடப்பதும் இதே போன்காரம்மாதான். எவ்வளவு கேலி செய்தாலும் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாவது மாதம், சித்தி மகளின் கல்யாணப் புடவைக்காகப் பிள்ளையார்பாளையம் போக வேண்டியிருந்தது. அப்படியே என் நோயாளிகளையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். போன்காரம்மா வீட்டுக் கூடத்தில், எம்பிராய்டரி துணி போர்த்தி, மஞ்சள் குங்குமம் வைத்த போன் ஒரு ஸ்டூல்மேல் வீற்றிருந்தது. என் குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். "அடியம்மா, நீதானா? இவ்ளோ ஒல்லியா இருக்கற! வா, உன் ஆளுங்களைக் காட்றேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஏகாம்பரம் தறியில் இருந்தார். கரையோரம் அவர் மனைவி. "ஐயா, நான்தான் வாராவாரம் உங்களுக்கு போன் பண்றவ" என்றேன். ஐந்து மாதமாக எந்த மனிதரை நான் உற்சாகப்படுத்தி, ஊக்கம் கொடுத்து, கெட்ட பழக்கங்களிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தேனோ, அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போன்காரம்மாவைப் பார்த்தார்.

"எனக்குப் போன்ல பேசியே பழக்கம் இல்லியேம்மா" என்றார்.

அந்த அம்மாவுக்கு முகம் சுண்டியிருக்க வேண்டும். ஆனால் அவர் "தறிக்காரரு, கூச்சம்" என்று எனக்கு விளக்கம் கொடுத்தார். மாத்திரை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்டபோதும், "தெனமும்..." என்று அந்த அம்மாதான் ஆரம்பித்தார். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ அவர் வீட்டுப் போன் மணி அடித்தது. ஓடினார். அந்தத் தெருவில் யாரோ ஒருவரைக் கேட்ட கேள்விக்கு அந்த ஆளே பதில் சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"போடறேம்மா. அமாவாசைக்கு அமாவாசை போட்டுக்கினுதான் இருக்கேன்."

"மத்த நாள்ல?"

"அதுல ஒரு வெள்ளை மாத்திரை இருக்குதே, அதைப் போட்டா அரைமணிக்கு ஒருக்கா ஒண்ணுக்கு வருது. குழிலேருந்து ஏறி, கொல்லைக்குப் போயி, கைகாலு கழுவிக்கினு வந்து குந்தற வரைக்கும் இவ கரையைப் பாத்துக்கினு சும்மா குந்திக்கினு இருக்கா. வேலை ஓடுமா? அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்னிக்கு மூணையும் போட்டுக்குவேன், ஒரு அமாவாசை தப்பினதில்ல."

விரதம் இருக்கிறவர் சொல்கிற பெருமையோடு சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் ஆஸ்பத்திரிக்கு நேரில் வருவதும் அமாவாசை அன்றுதான், அன்றுதானே அவருக்கு ஓய்வு. காலையில் மூன்றையும் விழுங்கிவிட்டு வந்து கையை நீட்டுவார். டாக்டர் அளந்து பார்த்து, பரவாயில்லை என்று அனுப்புவார். "போன்காரம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியுமே. ஆஸ்பத்திரில நான் சொல்லிக்கறேன்னு சொன்னாங்களே" என்றார் அவர் மனைவி.

தெருவில் வைத்து அந்த அம்மாவைப் பிடித்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் உள்ளதைச் சொன்னா நீ செவப்புல கோடு போடுவ. டாக்டரு அவரைத் திட்டுவாரு. அந்த ஆளு திட்டு வாங்கினா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது, தூக்கம் வராது. தூக்கம் வரலன்னா பிரஷர் ஏறும்னு நீதானே சொன்ன? இப்போ நீயே சொல்லு, எது அவரு ஒடம்புக்கு நல்லது?"

"அதுக்காக இப்படியா? அவருக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா?"

"நான் சொல்லிப் போட வெக்கிறேன். நீ போம்மா, வெயில்ல நிக்காத."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் அங்கே சென்னையிலிருந்து நாலைந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு உதவுகிறவர்கள். டாக்டர் என் நோட்டைத்தான் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "இந்தத் தெருவைப் பாருங்கோ, ஒன்பது பேர், ஒண்ணு ரெண்டு கோடு தவிர எல்லாம் பச்சை. ஒரு சின்னப் பொண்ணு, வெறும் பேச்சாலயே சாதிச்சிருக்கா" என்றார். வந்தவர்களில் ஒருவர் எனக்குக் கைகொடுத்தார். அந்த நேரத்தில் போய், சார், நான் பேசியது ஒன்பது பேரோடு இல்லை, ஒரே ஒரு ஆளோடுதான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை போன் செய்தேன். "ஏகாம்பரம் இப்போ மாத்திரை போடறாராம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லத் தயங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு, "அஞ்சும் டிக்கு" என்றார். நான் பச்சைப் பேனாவை எடுத்து ஐந்து டிக் போட்டேன். அதற்கடுத்த புதனும் போட்டேன். ஏழு வாரம் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

எட்டாவது வாரம் ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஏகாம்பரத்தை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு அவர் மனைவியும் போன்காரம்மாவும் இறங்கினார்கள். தறியில் உட்கார்ந்திருந்தவர் நாடாவை எறியக் கையைத் தூக்கியிருக்கிறார், வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை அளந்தார். முகம் மாறிவிட்டது.

"மாத்திரை ஒழுங்கா போடறாராம்மா?" என்று மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் அழுதுகொண்டே போன்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம் அது. கேள்வி வந்தால் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பும். டாக்டருக்குப் பொறுமை இல்லை. என்னைப் பார்த்து, நோட்டைக் கொண்டு வா என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஏகாம்பரம் பெயருக்கு நேரே பச்சையைத் தவிர வேறொன்றும் இல்லை. "மூணு மாத்திரையும் தினம் போட்டும் இவ்வளவு ஏறியிருக்குன்னா மருந்துக்கே கட்டுப்படலேன்னு அர்த்தம். இன்னும் பலமா கொடுக்கணும். கிட்னியைப் பார்க்கணும்" என்று நர்ஸிடம் மருந்தின் பெயர்களை அடுக்க ஆரம்பித்தார். மாத்திரையே காணாத உடம்புக்கு, மாத்திரைக்குக் கட்டுப்படாத உடம்புக்கான மருந்தை ஏற்றப் போகிறார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. வாயைத் திறந்தால் போதும். டாக்டர் மேஜையில் போட்ட நோட்டை எடுத்து மூடினேன்.

"போடல சார்."

போன்காரம்மாதான்.

"அமாவாசைக்கு அமாவாசைதான் போடுவாரு. அந்த நோட்ல இருக்கறது அத்தினியும் பொய்யி. நான் சொன்ன பொய்யி."

டாக்டர் பேச்சை நிறுத்தினார். ஏன் போடவில்லை என்று கேட்டார். குழி, கோர்வை, வெள்ளை மாத்திரை என்று அந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஏம்மா, இதை ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா, அந்த நீர் மாத்திரையை நிறுத்திட்டு வேற கொடுத்திருப்பேனே. இவ்வளவுதானே விஷயம்?" என்றார்.

நர்ஸிடம் சொன்ன மருந்தையெல்லாம் மாற்றிச் சொல்லிவிட்டு, டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீ யார்கிட்ட பேசின? இவர்கிட்ட பேசினியா இல்லியா? உனக்கு இது தெரியுமா?"

கேள்வி என்னைத்தான். ஆனால் பதில் வேறு இடத்திலிருந்து வந்தது.

"அதுக்கு இன்னா சார் தெரியும், சின்னப் பொண்ணு. நான்தான் ஏகாம்பரம் பொஞ்சாதின்னு சொல்லி அதை ஏமாத்தினேன். நம்பிடுச்சி."

டாக்டர் அந்த அம்மாவைப் பேசிய பேச்சு வராந்தாவில் இருந்தவர்களை எல்லாம் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு உயிரோடு விளையாடியிருக்கிறாய் என்றார். படிக்காதவர்களுக்குப் போன் எதற்கு என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அத்தனையையும் அவர் நின்று கேட்டார். நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஏகாம்பரம் பிழைத்துக்கொண்டார். வாய் நேரானது. வலது கை டம்ளர் பிடிக்கிற அளவுக்குத் திரும்பி வந்தது, நாடா எறிகிற அளவுக்கு வரவில்லை. இனிமேல் நோயாளியிடமே நேரடியாகப் பேச வேண்டும், பக்கத்து வீட்டாரிடம் பேசக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் உத்தரவு போட்டார்கள். அந்த நம்பரை ஒன்பது இடத்தில் சிவப்பு மையால் அடித்தது நான்தான். சொன்னபடி என் வேலையும் நிரந்தரமானது. இத்தனை வருஷமாக இந்த அம்மாவைப் பற்றிப் பஸ் கதை, பெண் பார்த்த கதை என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கதையை மட்டும் சொன்னதில்லை.

அன்றைக்கு டாக்டர் திட்டி முடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனபின், வராந்தாவில் என்னைக் கடந்து போகையில் அந்த அம்மா நின்றார். கண் சிவந்திருந்தது. நோட்டைப் பிடித்திருந்த என் கையைத் தொட்டார்.

"நீ ஏம்மா இன்னும் இதைக் கட்டிக்கினு நிக்கற? அதான் உனக்கும் சேத்து நான் சொல்லிட்டேனே."

டாக்டரின் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. நான் போகவில்லை.